குடில் கேட்பது காளானா, சந்தையா?

காளான் வளர்ப்புப் பயிற்சிக்கு யார் போனாலும் முதல் பாடம் குடில்தான். பதினாறு சதுர மீட்டரில் ஓலை வேய்ந்த குடில் போட வேண்டும். அதை இரண்டாகத் தடுத்து ஒரு பக்கம் வித்து பரவும் அறை, மறுபக்கம் காளான் பறிக்கும் அறை. தரையில் மணல், சுற்றிலும் சாக்குத் திரை, வேளைக்கு வேளை நீர் தெளிப்பு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல காலமாகக் கற்றுத்தரும் இந்த முறையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. காளானை விற்றுப் பிழைக்க நினைப்பவருக்கு அது நல்ல முறை.

அதிலிருந்து ஊரில் பரவிவிட்ட முடிவைத்தான் மறுக்கிறேன். குடில் இல்லாமல் சிப்பிக் காளான் வராது. வெளியில் தொங்கவிட்டால் பச்சைப் பூசணம் பிடிக்கும். பிடிக்காமல் தப்பினால் பூச்சி அரிக்கும். அதையும் மீறி முளைப்பது நஞ்சாக இருக்கும் என்கிறார்கள். பயிற்சி வகுப்புக்கு வந்தவர், யூடியூபில் பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே குரலில் சொல்வதால் இது அறிவியல் போல ஆகிவிட்டது. கொல்லையில் ஒரு வேப்பமரமும் களத்தில் நாலு கட்டு வைக்கோலும் வைத்திருக்கும் குடும்பம், குடிலுக்கான செலவைக் கேட்டதும் ஆசையை விட்டுவிடுகிறது. ஐப்பசியிலிருந்து மாசி வரை, வெயில் படாத மரத்தடியில், குடிலே இல்லாமல் சிப்பிக் காளான் நன்றாக வரும். வீட்டுக்காரர்கள் தாங்கள் சாப்பிடுவதற்காக வளர்க்கும்போது அதற்கு உரிய இடமும் வெளிதான்.

சிப்பிக் காளான் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். அது பட்ட மரத்தில் வாழும் பூஞ்சை. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைச் சிதைத்துத் தின்னக்கூடிய ஆற்றல் உலகில் மிகச் சில உயிர்களுக்கே உண்டு. சிப்பிக் காளான் அவற்றில் ஒன்று. மனிதன் அதை முதன்முதலில் வளர்த்ததும் திறந்தவெளியில்தான். முதல் உலகப் போரில் உணவு கிடைக்காமல் ஜெர்மனி தவித்தபோது, 1917-இல் ரிச்சர்ட் ஃபால்க் என்ற பூஞ்சையியல் அறிஞர் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் அதை வளர்த்துக் காட்டினார். பசிக்குப் பயிரிட்ட அந்தக் காலத்தில் ஓலைக் கூரையோ ஈரமானியோ பாலிதீன் பையோ எதுவும் இல்லை. மரக்கட்டையும் காட்டு நிழலும் மழையும் போதுமாக இருந்தன.

நம் நாட்டிலும் கதை அதுதான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் 1962-இல் பானோவும் ஸ்ரீவாஸ்தவாவும் ஒரு சிப்பிக் காளான் வகையை நெல் வைக்கோலில் வளர்த்துக் காட்டினார்கள். மரம் தின்னும் பூஞ்சைக்கு வைக்கோல் போட்டாலும் போதும் என்று நமக்குத் தெரிந்தது அதனால்தான். பின்னர் 1970-களில் சாம்பல் சிப்பியை வளர்ப்புக்குக் கொண்டுவந்தவர் ஜந்தாயிக். இமயமலை அடிவாரத்தில் கள்ளி இனச் செடி ஒன்றின் பட்ட தண்டில் தானாக முளைத்திருந்ததிலிருந்து எடுத்து வளர்த்தார். இன்று குடிலுக்குள் தொங்கும் படுக்கைகளின் மூதாதை எல்லாம் மழையிலும் காற்றிலும் முளைத்தவை.

அப்படியானால் குடில் ஏன் வந்தது? சந்தைக்காக வந்தது. கடைக்காரருக்குத் தையிலும் காளான் வேண்டும், சித்திரையிலும் வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு வெப்பம், மதுரையில் ஒரு வெப்பம். பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு விளைச்சல் எடுத்தால்தான் வாங்கிய கடனுக்குத் தவணை கட்ட முடியும். வித்து பரவ 25 முதல் 30 பாகை வெப்பம், மொட்டு விட 23 முதல் 25 பாகை, காற்றில் 75–80 விழுக்காட்டுக்குக் குறையாத ஈரம் என்ற அளவுகளை எல்லா மாதத்திலும் பிடித்து வைக்கக் கூரையும் சுவரும் தேவைப்பட்டன. வீட்டுக்கு வளர்ப்பவருக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. அவருக்கு ஆண்டு முழுவதும் காளான் தேவையில்லை. அவரைக்கு ஒரு பட்டம், கத்தரிக்கு ஒரு பட்டம், எள்ளுக்கு ஒரு பட்டம் பார்த்து விதைக்கும் ஊர் இது. காளானுக்கு மட்டும் பட்டம் பார்க்காமல், பருவத்தையே கூரைக்குள் உண்டாக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்களிலும் காவிரிப் படுகையிலும் காலைக் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். பகல் வெப்பமும் 30 பாகையை ஒட்டித் தணிந்துவிடும். தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்து கிடைப்பதால் ஆனியிலேயே தொடங்கிவிடலாம். கோடையில் குடிலுக்குள் சாக்கை நனைத்து நனைத்துச் செய்வதை இந்த மாதங்களில் வானமே செய்துவிடுகிறது. சித்திரை, வைகாசியில் சமவெளியில் வெளியே வளர்க்க முடியாது என்பதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பாகை வெயிலில் பையில் உள்ள பூஞ்சை வெந்து செத்துவிடும். ஆனால் அந்த இரண்டு, மூன்று மாதங்களின் நிலையைக் காட்டி மற்ற மாதங்களுக்கும் தடை போடுவது நியாயம் இல்லை.

வெளியில் வைத்தால் கெட்டுப்போகும் என்பவர்களிடம் தென்னந்தோப்பைக் காட்ட விரும்புகிறேன். தென்னைநார்க் கழிவை மட்க வைக்க அதே வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையைப் பாருங்கள். ஒரு டன் நார்க்கழிவு, ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து. நார்க்கழிவை அடுக்காகப் பரப்பி, ஓர் அடுக்கில் வித்தும் அடுத்த அடுக்கில் யூரியாவுமாக மாறி மாறித் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இடம் எது என்றால், தென்னை மரங்களுக்கு நடுவிலோ வேறு மர நிழலிலோ போடலாம் என்கிறது பரிந்துரை. நூறு கிராமுக்கு முப்பது கிராம் அளவு லிக்னின் கொண்ட, எதுவும் எளிதில் தொடாத அந்தக் கழிவை இந்தப் பூஞ்சை ஐந்து கிராமுக்கும் கீழே கொண்டுவந்துவிடுகிறது. கரி–தழைச்சத்து விகிதம் 112-இலிருந்து 24-க்கு இறங்குகிறது. கயிறு வாரியம் விற்கும் பித்பிளஸ் வித்தும் இதே பூஞ்சைதான். வேக வைக்காத கழிவில், திறந்த வெளியில், மண்ணோடு மண்ணாகக் கிடந்து ஆயிரம் கிருமிகளோடு போட்டியிட்டு வெல்லும் ஓர் உயிரை, வேக வைத்த வைக்கோலில் பையில் அடைத்து மரத்தில் தொங்கவிட்டால் செத்துப்போகும் என்று எப்படிச் சொல்கிறோம்?

உரம் வேறு, உணவு வேறு என்ற பதில் வரும். சரியான பதில்தான், அதனால் போட்டி எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்று பார்ப்போம். பச்சைப் பூசணம் வைக்கோலைப் பிடிப்பதெல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், வெள்ளை இழை இன்னும் பரவாத இடத்தில்தான். அந்த நாட்களில் வைக்கோல் கட்டிய பைக்குள் இருக்கிறது. பை குடிலில் இருந்தால் என்ன, வீட்டுத் திண்ணையில் இருந்தால் என்ன, பைக்குள் நடப்பது ஒன்றுதான். அங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவை மூன்று: வைக்கோல் நன்றாக வெந்ததா, ஈரம் அளவாக இருந்ததா, வித்து புதிதா. இந்த மூன்றில் ஒன்றையும் கூரை மாற்றுவதில்லை. பதினைந்து முதல் இருபது நாளில் பை முழுவதும் வெளுத்துக் கெட்டிப்பட்டபின் அந்த இடம் சிப்பிக் காளானுடையது. அதற்குப் பிறகு வேறு பூசணம் உள்ளே புகுவது கடினம். நூற்புழுவையே நஞ்சால் முடக்கி, இழையை உள்ளே செலுத்தி உறிஞ்சித் தின்னும் பூஞ்சை இது. 1984-இல் தார்ன், பாரன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டு சொன்னபோது அறிவியல் உலகமே வியந்தது. இத்தனை வலுவுள்ள உயிரைத் தொட்டால் வாடும் செடி போல நடத்தச் சொல்லிக் கொடுப்பது அதற்கும் அநீதி, வளர்ப்பவருக்கும் அநீதி.

இந்த அச்சத்திலிருந்துதான் மருந்து ஊறலும் வீட்டுக்குள் வந்தது. நூறு லிட்டர் நீரில் ஏழு கிராம் கார்பென்டாசிமும் 125 மில்லி ஃபார்மலினும் கலந்து வைக்கோலைப் பதினெட்டு மணி நேரம் ஊற வைப்பது பெரிய பண்ணைகளுக்கு எழுதிய முறை. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முடிவு சொல்லிவிட்டது. நான்கு பை போடுபவர் வீட்டில் அந்தப் புட்டிக்கு வேலையே இல்லை. வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, பொங்கல் அடுப்பில் ஒரு பெரிய அண்டாவை ஏற்றி ஒரு மணி நேரம் கொதிக்க விட்டால் போதும். பிறகு பாயில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். கையில் அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டு விழக் கூடாது. வெளியில் வளர்த்துத் தோற்றவர்களில் பெரும்பாலோர் தோற்றது இந்த இடத்தில்தான் என்பது நான் பார்த்தவரை உண்மை. தண்ணீர் சொட்டச் சொட்டப் பையில் அடைத்துவிட்டு, நாற்றம் வந்ததும் மரத்தடியைக் குறை சொல்கிறார்கள்.

அடைத்த பையை வீட்டின் ஓர் இருண்ட மூலையில் வையுங்கள், தடை இல்லை. வெளுத்தபின் வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டு, பக்கங்களில் கீறல் போடுங்கள். மா, வேம்பு, புங்கன், பலா என அடர்ந்த நிழல் தரும் எந்த மரமும் நல்லது. கிணற்றடி வாழைக்கூட்டம் அதைவிட நல்லது. மரம் இல்லாத வீட்டில் வடக்குப் பார்த்த சுவரோரம் போதும். நேர் வெயில் பையில் அரை மணி நேரம் விழுந்தாலும் கெடுதி. அடைமழை நேராக விழாமல் மேலே ஒரு பழைய தென்னங்கீற்றைச் செருகினால் சரி. காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் நீர் தூவ வேண்டும், மழை நாளில் அதுவும் வேண்டாம். மூன்று நான்கு நாளில் கீறலில் மொட்டுக் கொத்து தெரியும். ஒரு கிலோ காய்ந்த வைக்கோல், வாரம் ஒரு முறையாக மூன்று பறிப்பில், அரைக் கிலோவுக்குக் குறையாமல் காளான் தரும். கை பழகியவர் இன்னும் கூடுதலாக எடுப்பார். பாலிதீன் பையே வேண்டாம் என்பவர் பழைய பிளாஸ்டிக் வாளியின் பக்கங்களில் துளை போட்டு அதில் வைக்கோலை அழுத்தி நிரப்பலாம். எலியும் அதை எளிதில் கடிக்காது, அடுத்த பட்டத்துக்கும் உதவும்.

இதுவரை வெளியிலும் முடியும் என்றுதான் சொன்னேன். வீட்டுக்குள் வளர்ப்பதைவிட வெளியில் வளர்ப்பது மேலானது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் மூச்சு. காளானும் நம்மைப் போல மூச்சு விடும் உயிர். அடைத்த அறையில் கரியமில வாயு சேர்ந்தால் காம்பு நீண்டு, குடை சுருங்கி, ஊதுகுழல் போன்ற காளான்தான் வரும். அதைத் தவிர்க்கக் குடிலில் திரையைத் தூக்குகிறார்கள். திரையைத் தூக்கினால் ஈரம் போகிறது என்று மீண்டும் நீர் தெளிக்கிறார்கள். மரத்தடியில் இந்த இழுபறிக்கே இடம் இல்லை.

இரண்டாவது மூச்சு நம்முடையது. சிப்பிக் காளான் முதிரும்போது வித்துத்தூளைக் கோடிக்கணக்கில் உதிர்க்கும். தரையில் வெண்மாவு தூவியதுபோல் படியும் அளவுக்கு அது அதிகம். மூடிய அறையில் நாள்தோறும் அந்தத் தூளைச் சுவாசித்த காளான் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்போடு நுரையீரல் ஒவ்வாமை வருவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த நோய். காளான் தொழிலாளர் நுரையீரல் என்றே அதற்குப் பெயர் உண்டு. இன்று நகரங்களில் வளர்ப்புப் பெட்டி வாங்கிச் சமையலறை மேடையிலும் படுக்கையறை ஜன்னலிலும் வைக்கச் சொல்லும் பழக்கம் பரவுகிறது. குழந்தைகளும் ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் தூங்கும் அறையில் தூள் உதிர்க்கும் காளானை வைப்பதைச் சுத்தமான முறை என்கிறோம், காற்றோட்டமான கொல்லையில் தொங்கவிடுவதை ஆபத்து என்கிறோம். முறையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம் என்பது என் கருத்து. ஒரு பையில் பெரிய ஆபத்து இல்லை என்று யாரேனும் சொல்லலாம். ஆனால் வெளியே இடம் இருக்கும்போது அந்தச் சிறிய ஆபத்தையும் உள்ளே கொண்டுவரத் தேவை இல்லை.

இனி நஞ்சு. இது உயிர் பற்றிய பேச்சு என்பதால் நிதானமாகவே சொல்ல வேண்டும். மழைக்குப்பின் வயலிலும் புற்றடியிலும் காளான் பறித்துச் சமைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. தெரியாத காளானைத் தின்று உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த நினைவிலிருந்துதான் வெளியில் முளைப்பது எல்லாம் நஞ்சு என்ற எண்ணம் வந்தது. காளான் நஞ்சாவதும் ஆகாததும் அதன் இனத்தைப் பொறுத்தது. வெயிலோ மழையோ மரநிழலோ நல்ல இனத்தை நச்சு இனமாக மாற்றாது. நம்பகமான இடத்தில் வாங்கிய வித்திலிருந்து, நீங்கள் கீறிய கீறலில், கொத்தாக முளைப்பது சிப்பிக் காளான். அதன் செதில்கள் வெளுத்து, காம்பின் மேல் இறங்கி ஓடும். காம்பு குடையின் நடுவில் நிற்காமல் ஓரமாக நிற்கும். குடையைக் கறுப்புத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் வெளிறிய தூள் படியும். இந்த அடையாளங்களோடு பொருந்தாத எதையும் தொடாதீர்கள். ஈரம் மிகுந்த பையில் சில நேரம் குச்சிக்காலோடு மெலிந்த காளான் முளைத்து ஒரே நாளில் கறுத்து மையாக உருகும். அதை எறிந்துவிடுங்கள். பையின் கீழே மண்ணில், புல்லில் முளைப்பதைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசையே வேண்டாம். புல்தரையில் மழைக்குப்பின் வரும் பெரிய வெள்ளைக் குடைக் காளான் ஒன்று, முதிர்ந்ததும் செதில் பச்சையாகும், கடும் வயிற்றுப்போக்கையும் வாந்தியையும் தரும். பை தரையிலிருந்து இடுப்புயரத்தில் தொங்கினால், மண்ணில் முளைத்தது எது, பையில் முளைத்தது எது என்று குழந்தைக்கும் தெரியும். வீட்டுக்காரருக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த அடையாள அறிவு. அதைச் சொல்லித் தராமல் கூரையைக் காட்டி அனுப்பினால், குடிலுக்குள் முளைக்கும் அந்நியக் காளானைக்கூட நம்பித் தின்னும் ஆபத்து வரும்.

வெளியில் வளர்ப்பதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதை இங்கே யாரும் பேசுவதில்லை. கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த மஞ்சள் நிறச் சிப்பிக் காளான் அமெரிக்காவில் வளர்ப்பிலிருந்து தப்பி, 2010-களின் தொடக்கம் முதல் காடுகளில் பரவிவருகிறது. அது குடியேறிய மரங்களில் மற்றப் பூஞ்சை இனங்கள் வெகுவாகக் குறைந்திருப்பதை 2025-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதைப் படித்தபின் அந்நிய இனத்தைக் காட்டோரம் தொங்கவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குடிலின் காற்றுத் திறப்பு வழியாகவும் தூள் வெளியேதான் போகிறது. பறித்து முடித்த பைகள் குப்பைமேட்டில்தான் கிடக்கின்றன. இனத் தேர்வில் கவனம் வேண்டும் என்பதுதான் இதன் பொருள். நம் நாட்டுப் பட்ட மரங்களில் தானாகவே முளைக்கும் சாம்பல் சிப்பி, இளஞ்சிவப்புச் சிப்பி வகைகள் இருக்கும்போது மஞ்சள் சிப்பியை நிறத்துக்காக வாங்க வேண்டியதில்லை. மலைச்சாரலிலும் சோலைக்காட்டு ஓரத்திலும் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். எல்லோரும் முதிரும் முன் பறித்துவிட வேண்டும். குடை விளிம்பு உள்நோக்கி மடிந்திருக்கும்போதே பறித்தால் சுவையும் கூடும், தூளும் உதிராது.

பூச்சி, நத்தை, அணில் வரும் என்பது உண்மை. கத்தரிக்கும் வரும், கொய்யாவுக்கும் வரும். பையைச் சுற்றி நைலான் வலை கட்டுவதும், தொங்கும் கயிற்றில் எறும்பு இறங்காமல் வேப்பெண்ணெய் தோய்ந்த துணி சுற்றுவதும், பறித்தபின் காம்புத் துணுக்கை அழுகவிடாமல் கிள்ளி எறிவதும் போதும். சிறு கொசு போன்ற காளான் ஈ அழுகலைத் தேடி வரும். அடைத்த குடிலில் ஒருமுறை புகுந்தால் எல்லாப் படுக்கையையும் பிடிக்கும். மரத்தடி நான்கு பையில் அது பெருகப் போதிய தீனி இல்லை.

காளானைப் பற்றிய மிகைப் பேச்சையும் நான் ஏற்கவில்லை. பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நூறு கிராமில் மூன்று கிராம் அளவு புரதம்தான். பருப்பையும் முட்டையையும் அது ஈடு செய்யாது. ஆனால் காசு கொடுக்காமல் கொல்லையில் கிடைக்கும் மூன்று கிராம் அது. பறித்ததைச் செதில் மேலாக வைத்து உச்சி வெயிலில் சிறிது நேரம் காட்டினால் வைட்டமின் டி-யும் அதில் உண்டாகும். மாடு தின்றது போக மிஞ்சிய வைக்கோலில் இருந்து இது வருகிறது என்பதே ஏழை வீட்டுக்குப் பெரிய செய்தி. பறித்து முடித்த வைக்கோலைத் தென்னை மூட்டிலோ கீரைப் பாத்தியிலோ மூடாக்காகப் போடலாம். மழை தொடர்ந்தால் பாத்தியிலேயே இன்னொரு கொத்து முளைப்பதும் உண்டு.

ஆகவே வேளாண்மைத் துறையிடமும் அறிவியல் நிலையங்களிடமும் நான் கேட்பது, விற்பவருக்கும் தின்பவருக்கும் ஒரே பாடத்தை நடத்தாதீர்கள் என்பதுதான். விற்க வருபவருக்குக் குடில் பாடம் இருக்கட்டும். தின்ன வளர்ப்பவருக்கு ஒரு மணி நேரப் பாடம் போதும்: வைக்கோல் வேக வைப்பது, ஈரம் பார்ப்பது, நிழல் தேர்வது, காளானை அடையாளம் காண்பது. புட்டி வித்து சில வாரங்களில் வலுவிழக்கும். தொலைவில் இருப்பவர் ஒரே ஒரு புட்டிக்காகப் பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்கு வர முடியாது. ஐப்பசி பிறந்ததும் உழவர் சந்தைகளிலும் வட்டார வேளாண் விரிவாக்க மையங்களிலும் விதைப் பொட்டலத்தோடு சேர்த்துப் புதிய காளான் வித்தையும் அடைத்த தேதி அச்சிட்டு, ஒற்றைப் புட்டியாக விற்க வேண்டும். ஒரு புட்டியில் இரண்டு பை போடலாம். ஒரு வீட்டுக்குத் தொடங்க அது போதும்.